கோடை நடுப்பகலும் நூல் நிலையத்து நிழலும்

தென்னாட்டிலிருந்து தலைநகருக்கு வந்து குடியேறும் நம்மவர்க்குக் குளிர் ஒன்றே பெரிய அச்சம். ஊரை விட்டுப் புறப்படும்பொழுதே உற்றார் உறவினர் எல்லோரும், "கம்பளி வாங்கினாயா? காலுறை வாங்கினாயா?" என்று வினவுவார்கள். கோடையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு வரப்பில் நடந்து பழகிய நமக்கு வெயில் ஒரு பொருட்டா என்ற எண்ணம் நம் எல்லோர் உள்ளத்திலும் ஊன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை 2024-ஆம் ஆண்டுக் கோடையில் என் வீட்டிலேயே கண்டேன். அந்த அனுபவத்தையும், எங்களுக்குக் கிடைத்த எளிய பரிகாரத்தையும் சொல்லி, முடிவில் நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பமும் செய்துகொள்ள விரும்புகிறேன். அன்பர்கள் பொறுமையோடு படித்தருள வேண்டும்.

தில்லி வெயிலின் இயல்பு

நம் ஊர் வெயிலுக்கும் இவ்வூர் வெயிலுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. சோழநாட்டில் உச்சி வேளையில் எவ்வளவு காய்ந்தாலும், மாலையில் கடற்காற்று வந்து உடலைத் தேற்றிவிடும். தில்லிக்கோ கடல் வெகு தொலைவு. மேற்கே பாலைவனத்தைக் கடந்து வரும் வறண்ட அனற்காற்றை இங்குள்ளோர் 'லூ' என்பர். வைகாசி, ஆனி மாதங்களில் அது வீசும்பொழுது, அடுப்பு வாயைத் திறந்தாற்போல் முகத்தில் அறையும். பகலெல்லாம் வெப்பத்தை உறிஞ்சிய சுவரும் கூரையும் இரவு முழுவதும் அதனை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே, இரவிலும் உடலுக்கு ஓய்வில்லை.

சமவெளிப் பகுதியில் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டி, அந்நாளுக்குரிய வழக்கமான அளவைக் காட்டிலும் 4.5 டிகிரியேனும் கூடியிருந்தால் அதனை 'வெப்ப அலை' என்று இந்திய வானிலைத் துறை வகுத்திருக்கிறது. வழக்கமான அளவு எதுவாயினும், 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலையே. 47-ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதியன்று தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 46.8 டிகிரி பதிவாயிற்று. 79 ஆண்டுகளில் அங்கே காணாத உயர்வு அது. அதே நாளில் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று வெளிவந்த செய்தி நாடெங்கும் பரவியது. அங்கிருந்த கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறையினர் பின்னர் ஆராய்ந்து தெரிவித்தனர். ஆயினும், அந்த 3 டிகிரியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆறுதல் கொள்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த ஜூன் மாதத்தில் ஓர் இரவு வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை.

எங்கள் வீட்டில் நேர்ந்தது

எங்கள் குடியிருப்பு மூன்றாம் மாடியில் இருக்கிறது. அதற்கு மேல் மொட்டை மாடிதான். கோடை விடுமுறையாதலால் குழந்தைகள் இருவரும் வீட்டில் இருந்தனர். அவர்களுக்குத் துணையாக என் அன்னையார். வயது 67. மன்னார்குடியை அடுத்த கிராமத்திலிருந்து எங்களுடன் வந்து தங்கியிருந்தார். நானும் என் மனைவியும் வேலைக்குச் சென்றுவிட்டோம்.

அன்று தண்ணீர் லாரி வரவில்லை. நண்பகல் கழிந்ததும் மின்சாரமும் நின்றது. வீட்டிலிருந்த கூலரால் பயனில்லை. குடத்தில் எஞ்சியிருந்த நீர் குழந்தைகளுக்கு வேண்டுமே என்று, அன்னையார் தாம் அருந்தாமலே இருந்துவிட்டார். பிற்பகல் மூன்று மணி அளவில் சமையலறைக்கு எழுந்து சென்றவர், தலை சுற்றி அங்கேயே சாய்ந்துவிட்டார். பதினொரு வயதான என் மகள் அலறியடித்துக்கொண்டு அண்டை வீட்டுக்கு ஓடினாள். அங்கே இருந்த பஞ்சாபி அம்மையார் உடனே வந்து, நனைத்த துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, விசிறியால் வீசி, அறிவு தெளிந்த பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். நான் காரியாலயத்திலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள், அவரே ஓர் ஆட்டோ ரிக்ஷாவை அமர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்திருந்தார். அவருக்கு எங்கள் குடும்பம் பட்ட கடன் தீராதது.

மருத்துவர், "இது வெப்பத் தளர்ச்சி. அந்த அம்மையார் தாமதித்திருந்தால் வெப்பத் தாக்காக முற்றியிருக்கும்; அப்பொழுது உயிருக்கே ஆபத்து" என்றார். மாத்திரைகளைக் காட்டிலும் அவர் வற்புறுத்திச் சொன்னது வேறொன்று: "நாள்தோறும் பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரமாவது இவரைக் குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள்."

இதையே உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்க இயலாதவர்கள், பொதுக் கட்டடம் போன்ற குளிர்ந்த இடத்தில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழிக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. அதன் காரணத்தை நாம் அறிந்துகொள்வது நலம். வியர்வை ஆவியாகும்பொழுதுதான் உடல் குளிர்கிறது. உடம்பில் நீர் வற்றினால் வியர்வை குறையும். முதியோர்க்குத் தாக உணர்ச்சி மங்கியிருப்பதால், நீர் வற்றுவதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. மின்விசிறி இருக்கிறதே என்று நாம் நினைக்கிறோம். காற்றின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிட்டால், விசிறி உடலைக் குளிர்விப்பதில்லை. அனலை வாரி உடல்மேல் கொட்டுகிறது. அந்நேரத்தில் அடைத்த அறையில் விசிறியின் கீழ்ப் படுத்திருப்பது பாதுகாப்பாகாது. இடைவிடாது பல நாள் வெப்பத்தில் உழலும் உடல், நாளில் சில மணி நேரம் குளிர்ந்தால் மீண்டும் தேறிக்கொள்கிறது என்பதே மருத்துவர் சொன்னதன் கருத்து.

எங்கே போவது?

மருத்துவர் சொல்லிவிட்டார், போவதற்கு இடம் வேண்டுமே! குளிர்சாதனப் பெட்டி ஒன்றைத் தவணையில் வாங்கலாமென்று விசாரித்தேன். எங்கள் பழைய குடியிருப்பின் மின்கம்பிகள் அதனைத் தாங்கமாட்டா என்று மின்பணியாளர் கைவிரித்தார். கோயிலில் அமர்ந்திருக்கலாமென்றால், நண்பகலில் நடை சாத்திவிடுகிறார்கள். பெரிய அங்காடி மாளிகைகளில் குளிர்ச்சி உண்டு. ஆனால் ஒன்றும் வாங்காமல் மூன்று மணி நேரம் அங்கே உலவ அன்னையாருக்குக் கால் வலுவில்லை. குழந்தைகளை அழைத்துச் சென்றால் என் பையில் வலுவில்லை.

இந்நிலையில், அண்டை வீட்டு அம்மையாரின் மகன் ஒரு வழி சொன்னான். அவன் போட்டித் தேர்வுக்குப் படிப்பவன். எங்கள் குடியிருப்பிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பொது நூல் நிலையம் இருக்கிறதென்றும், தான் நாள்தோறும் அங்கேயே படிப்பதாகவும், பெரிய கூலர்கள் இரண்டு ஓடுவதால் நல்ல குளிர்ச்சி என்றும் கூறினான். ஆறு ஆண்டுகளாக அந்தத் தெருவழியே போய் வருகிறேன்; அக்கட்டடத்தை ஒரு முறையேனும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் அன்னையார் இசையவில்லை. "நான் மூணாங்கிளாசு வரைக்கும் படிச்சவ. படிக்கிற புள்ளைங்க நடுவுல போய் உக்காந்தா, எதுக்கு வந்தேன்னு யாராச்சும் கேக்கமாட்டாங்களா? என்ன தம்பி சொல்லுவேன்?" என்றார்.

அதற்கு அப்பொழுது எனக்கு மறுமொழி தெரியவில்லை. "ஒரு நாள் போய்ப் பார்ப்போம், அம்மா" என்று மட்டும் சொன்னேன். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் காலை பத்தரை மணிக்கு மூவரையும் அழைத்துச் சென்றேன். வாயிலில் ஒரு பதிவேடு இருந்தது. நூலகர் எழுதுகோலை அன்னையாரிடம் நீட்டினார். அன்னையார் என்னைப் பார்த்தார். பின்பு தமிழில் தம் பெயரை மெதுவாக எழுதினார். எனக்குத் தெரிந்து, வங்கிக் கணக்கைத் தவிர வேறெங்கும் அவர் கையெழுத்திட்டதில்லை. நூலகர் அதை உற்றுப் பார்த்து, "தமிழா?" என்று கேட்டார். பிறகு, "மாதாஜி, கூலருக்கு நேர் எதிரே அமர வேண்டாம், அந்தப் பக்க நாற்காலி தங்களுக்கு ஏற்றது" என்று இந்தியில் சொல்லி இடம் காட்டினார். எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அன்று மட்டுமன்று, அக்கோடை முழுவதும் ஒருவரும் கேட்கவில்லை.

இது முறைதானா?

எனினும், என் மனத்தில் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நூல் நிலையம் படிப்பதற்காக அமைந்தது. வெயிலுக்கு ஒதுங்குவதற்கு அதனைப் பயன்படுத்துதல் தகுமா? ஒரு நாள் ஓர் இளைஞர், பாட்டிமாரும் குழந்தைகளும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று காதில் விழும்படியே முணுமுணுத்தார். அவர்மேல் குற்றமில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, நாற்காலிகளோ சிலவே.

இவ்வினாவுக்கு விடை தேடியபொழுது, நூல் நிலையங்களின் வரலாற்றைச் சிறிது படிக்க நேர்ந்தது. படித்ததில் நம்மவர்க்குப் பெருமை தரும் செய்திகளும் இருந்தன.

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892-ஆம் ஆண்டில் சீகாழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவியை ஏற்றார். 1931-இல் வெளிவந்த அவருடைய நூல் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளைக் கூறுகிறது. நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் காலத்தைப் பேணுக, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பன அவை. இவற்றுள் முதல் விதியை விளக்குமிடத்தில், நூலகம் எங்கே அமைய வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும், இருக்கைகள் எவ்வாறு இருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அவர் ஆராய்கிறார். நூலைப் பூட்டி வைத்துக் காப்பது நூலகமாகாது. மக்கள் விரும்பி வந்து அமரும் இடமே நூலகம் என்பது இதனால் விளங்குகிறது.

அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் கொண்டுசெல்லும் நடமாடும் நூல் நிலையம் தொடங்கப்பெற்றது. கனகசபைப் பிள்ளை என்பார் அதனை அமைத்தார். தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். இச்செய்தியை நான் சொன்னபொழுது அன்னையார், "நம்ம ஊர்லயா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இனி, நம் தலைநகரின் கதை. பழைய தில்லி இரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் தில்லிப் பொது நூலகம், யுனெஸ்கோவும் இந்திய அரசும் கூடி முன்மாதிரித் திட்டமாக ஏற்படுத்தியது. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதியன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதனைத் திறந்து வைத்தார். சந்தாவும் காப்புத்தொகையும் கேளாமல், சாதி சமய வேற்றுமை பாராமல், அலமாரிகளைத் திறந்து வைத்து எவரும் தாமே நூலை எடுத்துப் படிக்கலாம் என்ற ஏற்பாடு அந்நாளில் புதுமையானது. 1953 முதல் மோட்டார் வண்டியிலும் அதன் நூல்கள் நகரைச் சுற்றி வந்தன. பின்னர்ப் பல பேட்டைகளில் கிளைகள் ஏற்பட்டன. இரயில் நிலையத்துக்கு நேர் எதிரே, மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கும் எளிய மக்களின் கண்ணெதிரே அது அமைந்திருப்பது எனக்குப் பெரிதும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இவற்றைப் படித்தபின் என் ஐயம் நீங்கிற்று. பொது நூல் நிலையத்தின் குளிர்ச்சி யாரோ ஒருவர் இடும் பிச்சையன்று. அது பொதுப்பணத்தில் அமைந்த பொது இடம். அங்கே வருபவரை "ஏன் வந்தாய்?" என்று கேளாதிருப்பதே அதன் தருமம். ஆனால் வந்து அமர்பவருக்கும் ஒரு கடமை உண்டு: நிழலுக்காக வந்தவர் வாசகராகவும் ஆகவேண்டும். அப்படி ஆகிவிட்டால், அந்த நாற்காலியில் அமர எவர்க்கும் கூச்சம் வேண்டியதில்லை.

நிழலுக்கு வந்தவர் வாசகரானது

முதல் வாரம் அன்னையார் படம் நிறைந்த குழந்தைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கிளையில் தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை. வீட்டிலிருந்து நம் சங்கத்து மாத இதழை எடுத்துச் சென்று, விளம்பரம் வரையில் விடாமல் படித்து முடித்தார். அதன்பின் நூலகரிடம் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அப்பொழுது நான் அறிந்துகொண்ட செய்தி ஒன்றை அன்பர்கள் யாவரும் நினைவிற் கொள்ளவேண்டும். 1954-ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம், மும்பை மைய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்கிற்கும் பதிப்பாளரால் அனுப்பப்படவேண்டும். தமிழ் நூல்களும் இதற்கு உட்பட்டவையே. ஆகவே, தலைநகரில் தமிழ் நூல் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. கேட்பார் இல்லையென்றால், தமிழ் நூல்களுக்கு வாசகரே இல்லை என்று கணக்கெழுதிவிடுவார்கள்.

மூன்று வாரம் கழித்து, நூலகர் எங்கிருந்தோ நான்கு தமிழ்ப் புத்தகங்களை வரவழைத்து வைத்திருந்தார். அவற்றுள் ஒரு நாவலை எடுத்து, வரியின் கீழ் விரலை வைத்து நகர்த்தி, பன்னிரண்டு நாளில் அன்னையார் படித்து முடித்தார். அன்றிரவு குழந்தைகளுக்கு அக்கதையைச் சொன்னார். தமிழ் எழுத்தே அறியாத என் மகள், "பாட்டி, அடுத்த புத்தகத்தை நானே படிக்கவேண்டும், எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடு" என்றாள். இரண்டாண்டாக நான் வற்புறுத்தியும் நடவாத காரியம் அது. இப்பொழுது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

அந்தக் கோடையில் அன்னையாருக்கு மறுபடி மயக்கம் வரவில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

எங்கள் அனுபவத்தால் அறிந்தவற்றைச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்பே, பத்தரை மணிக்குள் நூல் நிலையத்துக்குச் சென்றுவிடுதல் நலம். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டு உச்சி வெயிலில் நடந்தால், போகும் வழியிலேயே கேடு விளையும். திரும்புவதும் ஐந்து மணிக்குப் பிறகே ஆகட்டும். விடுமுறை நாளும் திறக்கும் நேரமும் கிளைக்குக் கிளை வேறுபடுமாதலால், முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். நீர்ப் பாத்திரத்தையும், குளிர்காற்று ஒவ்வாத முதியோர்க்கு ஒரு மேல்துண்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வியர்வையோடு கூலரின் நேர்க்காற்றில் அமரவேண்டாம்.

அங்கே உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பது, நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உறங்குவது, கைப்பேசியில் உரக்கப் பேசுவது ஆகியவை தகா. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மேசையை விட்டுக் கொடுத்து, பத்திரிகைப் பகுதியில் அமர்வது பண்பு. முணுமுணுத்த அந்த இளைஞருக்கு ஒரு நாள் என் மகன் தானே எழுந்து இடம் கொடுத்தான். மறுநாள் முதல் அவர் அன்னையாருக்கு வணக்கம் சொல்லலானார்.

கூலரைப் பற்றியும் ஒரு சொல். நார்த் தட்டியில் நீர் கசிய, அதன் ஊடே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கருவி அது. வறண்ட மே மாதத்தில் நன்றாக உதவும். ஜூன் கடைசியில் மழைக்காற்று வந்து ஈரப்பதம் மிகுந்துவிட்டால், நீர் ஆவியாவது குறைந்து, புழுக்கத்தையே மிகுவிக்கும். அக்காலத்தில் குளிர்சாதனம் உள்ள கிளையைத் தேடிச் செல்லவேண்டும்.

வீட்டில் எவர்க்கேனும் தளர்ச்சி கண்டால், நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடலை நனைத்து விசிறுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து, கலந்து கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது வெப்பத் தாக்கு. அப்பொழுது வாயில் ஒன்றும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இனி, தொடக்கத்தில் சொன்ன விண்ணப்பத்துக்கு வருகிறேன். நம் சங்கத்திலும் ஒரு நூல் நிலையம் இருக்கிறது. அலமாரி அலமாரியாகத் தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆனால் அது மாலை 6 முதல் 8 மணி வரையிலும், ஞாயிறு காலையிலுமே திறந்திருக்கிறது. கொடிய வெயில் காயும் நேரத்தில் அதன் கதவு பூட்டிக் கிடக்கிறது. மொழி தெரியாத ஊரில், மேல்மாடி வீட்டில், பேச்சுத் துணையின்றி அடைபட்டுக் கிடக்கும் நம் தாய் தந்தையர்க்கு அந்நேரத்தில் அல்லவா அது திறந்திருக்க வேண்டும்?

தனிமை எவ்வளவு கொடியது என்பதற்குச் சிகாகோ நகரம் சான்று. 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே சில நாள் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் தனித்து வாழ்ந்த முதியோர். நம் நாட்டில் அகமதாபாத் நகரம், 2010-ஆம் ஆண்டு மே மாத வெப்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த பின்பு, 2013-இல் வெப்பத்துக்கென ஒரு செயல் திட்டம் வகுத்தது. பொது இடங்களைக் குளிர் நிழலாகப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும். பார்சிலோனா நகரில் 2020 முதல் நூல் நிலையங்களையே வெப்பப் புகலிடங்களாக அறிவித்து வருகின்றனர். பெரிய நகராட்சிகள் செய்வதை நம் சிறிய சங்கம் தன் அளவில் செய்யலாகாதா?

தடைகள் சிலவற்றைச் சொல்வார்கள். யார் வந்து திறப்பது என்பது முதல் தடை. நான் குமாஸ்தா; கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன். மே 1 முதல் ஜூன் 30 வரை 61 நாட்கள். நாள்தோறும் காலை 11 முதல் மாலை 4 வரை என்றால் 305 மணி நேரம். ஆளுக்கு 2 நாள் பொறுப்பேற்றால் 31 பேர் போதும். ஓய்வு பெற்ற அன்பர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள்! இரயில்வேயில் நாங்கள் முறை வைத்து இரவு பகலாக நிலையத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். நூல் நிலையத்துக்கு ஐந்து மணி நேரம் முறை வைக்க முடியாதா? என் பங்குக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வர இப்பொழுதே பெயர் கொடுக்கிறேன்.

மின்கட்டணம் இரண்டாவது தடை. இரண்டு கூலர்களுக்கும் விளக்குகளுக்கும் ஆகும் செலவைக் கோடைக்கால நன்கொடை என்று தனியே திரட்டிக்கொள்ளலாம். விழா மேடைக்குப் பூமாலை வாங்கும் தொகையில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நூல் நிலையம் உறங்கும் சத்திரமாகிவிடுமே என்பது மூன்றாவது தடை. அது நடத்துகிறவர் கையில் இருக்கிறது. நாளுக்கு அரை மணி நேரம் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்கும்படி ஏற்பாடு செய்தால், கண் மங்கிய முதியோரும் பயன் பெறுவர்; குழந்தைகளின் செவியில் நல்ல தமிழும் விழும். அதற்கும் மேலாக, தனித்து வாழும் முதியோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, கடும் வெப்ப நாட்களில் அன்றைய பொறுப்பாளர் ஒவ்வொருவரையும் அழைத்து நலம் விசாரிக்கவேண்டும். என் வீட்டில் அண்டை வீட்டார் இருந்தார்கள், உதவினார்கள். எல்லா வீட்டுக்கும் அவ்வாறு வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

அன்னையார் இவ்வாண்டும் கோடைக்கு எங்களுடன் இருப்பார். பொது நூல் நிலையத்தில் இருந்த நான்கு தமிழ் நூல்களையும் அவர் படித்து முடித்துவிட்டார். "உங்க சங்கத்துல நெறைய இருக்குன்னு சொன்னியே தம்பி, அது பகல்ல தொறக்கமாட்டாங்களா?" என்று அன்றொரு நாள் கேட்டார்.

இந்த வினாவைச் செயற்குழுவினர் முன் அப்படியே வைக்கிறேன். சித்திரை பிறப்பதற்குள் அவர்கள் கூடி ஆலோசித்து ஆவன செய்வார்களாக.